நூறு பேர் வந்தார்கள், ஒருவரும் தங்கவில்லை: எல்லைப்புறத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு ஆள் சேர்ப்பது

வாசகர் கேள்வி, 2025 ஜூலை 6

பாலக்காடு, பொள்ளாச்சி எல்லையில் உள்ள ஒரு கல்லூரியில் கணினி கற்பிக்கிறேன். யாரும் நிரலைப் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றி ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம். அரங்கம் நிறைகிறது. நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்குத் தொடங்குகிறார்கள், ஒட்டுவில்லை வாங்கி மடிக்கணினியில் ஒட்டிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருவர்கூட ஒரு வரி பங்களித்திருப்பதில்லை. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை, வேலை கிடைத்தால் போதும் என்று இருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர் உண்டா?

ஜூலை 6, இரவு

நான் மறுக்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைக்காரன். வாரநாட்களில் கோயம்புத்தூரில் நிரல் எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் நான்கைந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன்.

ஆர்வம் இல்லாதவன் வேலந்தாவளத்திலிருந்து பஸ் மாறி உங்கள் கூட்டத்துக்கு ஏன் வருகிறான்? வந்தவனுக்கு மறுவாரம் போய் உட்கார ஓர் இடமும், சந்தேகம் கேட்க ஒரு மனிதரும் இருந்தார்களா? இதற்குப் பதில் தெரியாமல் ஆர்வத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. விதையைத் தூவிவிட்டு நடவுக்கு யாரும் வராத நாற்றங்காலாகத்தான் நம் கூட்டங்கள் இருக்கின்றன.

நிகழ்ச்சிகளுக்குக் கேரளத்தில் குறைவே இல்லை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. 2022 நவம்பரில் பாலக்காடு என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரியில் மினி டெப்கான்ஃப் நடந்தது, டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சிறு மாநாடு அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. இவ்வளவும் நம் வீட்டு வாசலில் நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பங்களிப்பவர் யார் என்று கேட்டால் விரல் மடக்கிச் சொல்லத் தடுமாறுகிறேன்.

ஆள் தங்கிய இடங்களில் என்ன இருந்தது என்று பாருங்கள். கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியில் 2007 முதல் ஒரு மாணவர் குழு இயங்குகிறது. மூத்தவர் இளையவரைக் கூட்டிக்கொண்டு போவது அங்கே வழக்கமாகிவிட்டது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பெருநகரம் எதன் நிழலிலும் இல்லை. கிராமத்து மாணவர்களைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்து சொல்லித்தருகிறது. இரண்டிலும் நான் காண்பது ஒன்றுதான்: கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் எப்போதும் அங்கே இருக்கிறார்.

ஜூலை 8

"ஆள் என்றால் என்ன, சம்பளத்துக்கு ஆசிரியரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஒரு திட்டத்துக்கு ஏற்கெனவே பங்களித்து, அடிபட்டு, நிலைத்தவர். பாடம் நடத்த வேண்டாம். புதியவரின் முதல் மாற்றம் ஏற்கப்படும்வரை அவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஜூலை 19

நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பது என்றால் என்னவென்று நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

எருத்தேம்பதிப் பெண். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பஸ் நேரம் காட்டும் சிறிய கட்டற்ற செயலி ஒன்றைத் தன் தேவைக்காகப் பயன்படுத்தி வந்தாள். தமிழில் "கொழிஞ்சாம்பாறை" என்று தேடினால் நிறுத்தம் கிடைக்கவில்லை. பட்டியலை உருட்டிப் பார்த்தால் அதே பெயர் கண்முன் நிற்கிறது. "அண்ணா, எழுத்து ஒன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டாள்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் இரண்டு பெயரின் நீளத்தையும் அளந்து பார்க்கச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்தது 14. பட்டியலில் இருந்தது 15. அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே சொல், கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை, கணக்கில் மட்டும் ஒன்று கூடுகிறது.

காரணம் முதல் எழுத்தில் இருந்தது. எழுத்துகளைக் கணினி எண் குறியீடுகளாக வைக்கும் யூனிகோடு முறையில் "கொ" என்பதை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று துண்டுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பழைய கோப்பிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த அந்தப் பட்டியலில் இரண்டாவது வகை இருந்தது. செயலி குறியீடுகளை அப்படியே ஒப்பிட்டதால் இரண்டும் வேறு வேறு பெயர்கள் என்று முடிவு செய்துவிட்டது. தேடும் சொல்லையும் பட்டியலையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பைத்தானிலேயே கருவி இருக்கிறது. மாற்றம் மொத்தம் சில வரிகள்தான்.

எழுதினாள், அனுப்பினாள். அந்தச் செயலியின் பராமரிப்பாளர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது, மூன்றாம் நாள் ஒரே வரியில் பதில் போட்டார்: இதற்கு ஒரு சோதனை, அதாவது மாற்றம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் சிறு நிரல், சேர்க்க வேண்டும். அன்று இரவே அவள், மாற்றத்தை ஏற்கும்படி அனுப்பிய கோரிக்கையைத் தானாக மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, "அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்றாள். "எங்கே சொன்னார்?" என்று கேட்டேன். அந்த வரியைக் காட்டினாள். அதில் மறுப்பு எதுவும் இல்லை. சோதனை கேட்கிறார் என்றால் மாற்றத்தை எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறார், நாளை வேறொருவர் இதைக் கெடுத்துவிடாமல் பூட்டு கேட்கிறார் என்று விளக்கினேன். ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் நோட்டில் சிவப்பு மையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு "இதைச் சேர்" என்பது "நீ தவறு" என்றுதான் காதில் விழுகிறது. அன்று மாலையே இரண்டு வகைப் பெயரையும் வைத்து ஒரு சோதனை எழுதினாள். கோரிக்கையை மீண்டும் திறந்தாள். ஏற்கப்பட்டது.

கேள்வி கேட்ட பேராசிரியரே, உங்கள் நூறு பேரில் எத்தனை பேர் இப்படி ஒற்றை வரியைத் தவறாகப் புரிந்துகொண்டு, கேட்க ஆள் இல்லாமல் கணக்கை மூடிவிட்டுப் போனார்களோ!

ஜூலை 20

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "வடிவத்தை ஒன்றாக்கிவிட்டால் தமிழின் நீளச் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேடலுக்குச் சரி. வெட்டுவதற்குச் சரிவராது. கொழிஞ்சாம்பாறையில் நம் கணக்குப்படி எழுத்து ஏழுதான், குறியீடுகளோ 14. இடம் போதவில்லை என்று ஒரு செயலி ஒன்பதாவது குறியீட்டில் வெட்டினால் "கொழிஞ்சாம" என்று புள்ளியைத் தொலைத்துவிட்டு நிற்கும். அதற்கு எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் அதற்கென்றே செயற்கூறு இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அருமையான தொடக்கம் அது. தமிழ்ப் பெயர்களைப் பாதியில் வெட்டும் செயலிகள் எத்தனையோ இருக்கின்றன. கண்டுபிடிக்கத் தமிழ் படிக்கத் தெரிந்தாலே போதும்.

ஜூலை 27

முதல் பதிலில் நான் சித்தூர் என்று சொன்னதைப் பார்த்து ஆந்திரச் சித்தூர்க்காரர் ஒருவர் தம் ஊர் என்று நினைத்து வந்துவிட்டார். வாருங்கள், வரவேற்கிறேன். எங்கள் சித்தூர் பாலக்காட்டுத் தாலுகா, உங்களுடையது மாவட்டத் தலைநகர். இரண்டும் எல்லையில் இருக்கின்றன, இரண்டிலும் தமிழர் இருக்கிறார்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகப் பதியலாம். எங்கள் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கு மலையாளப் பெயர் இருக்கிறது, தமிழ்ப் பெயர் இல்லை. உங்கள் பக்கத்தில் தெலுங்கோடு நிற்கிறதா என்று பாருங்கள். நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கு வழியில் படித்து வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தும் தெரியும். அந்த வேலையைச் சென்னையில் இருப்பவரால் செய்ய முடியாது.

ஆகஸ்ட் 3

பணத்தைப் பற்றிப் பேசாமல் நழுவக் கூடாது. பிள்ளைகளின் அப்பாக்கள் முதலில் கேட்பது அதைத்தான். தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்து மகனுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தவர் கேட்பது குற்றமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பங்களிப்புக்கு யாரும் காசு தருவதில்லை. தரும் திட்டங்களில் பெயர் பெற்றது கூகுள் சம்மர் ஆஃப் கோட். 2005இல் தொடங்கியது. முன்பு மாணவர்களுக்கு மட்டும், 2022 முதல் 18 வயது நிரம்பிய புதியவர்கள் பிறரும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். 2025 கணக்குப்படி இந்தியாவில் 90 மணி நேரத் திட்டத்துக்கு 750 டாலர், 175 மணி நேரத்துக்கு 1500, 350 மணி நேரத்துக்கு 3000. அதே வேலைக்கு அமெரிக்காவில் இருப்பவர் இரண்டு மடங்குக்குக் குறையாமல் வாங்குகிறார். அவுட்ரீச்சி என்ற இன்னொரு திட்டத்தில் அந்த வேறுபாடு கிடையாது. எந்த நாட்டில் இருந்தாலும் 7000 டாலர். தொழில்நுட்பத் துறையில் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கென்றே உருவானது அது. 2006இல் லினக்ஸ் திரையமைப்பை உருவாக்கும் க்னோம் திட்டம் பெண்களுக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது.

அவுட்ரீச்சியில் தேர்வாவதற்கு முன்பே பங்களித்துக் காட்டியிருக்க வேண்டும், கூகுள் திட்டத்திலும் பல அமைப்புகள் அதை எதிர்பார்க்கின்றன. அவுட்ரீச்சியில் அதற்கென்றே சில வாரங்கள் ஒதுக்குகிறார்கள். அந்த வாரங்களுக்குக் காசு கிடையாது. நகரத்துப் பிள்ளைக்கு அது சில வாரம். பகுதி நேரமாகக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு அது சம்பள இழப்பு. நாலு பேர் சேர்ந்து அந்தச் சில வாரத்துக்கு மட்டும் கைகொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். கூட்டத்துக்குச் செலவழிக்கும் பந்தல், மேடை, சாப்பாட்டுக் காசில் ஒரு பகுதி போதும்.

ஆகஸ்ட் 4

வெளிநாட்டு வழிகாட்டியோடு இரவில் பேச வேண்டியிருப்பது பெண்பிள்ளைகளுக்குத் தடை என்று ஓர் ஆசிரியை எழுதியிருப்பது முற்றிலும் சரி. வழிகாட்டி அமெரிக்காவில் இருந்தால் அவருக்குக் காலை, நமக்கு இரவு. "இந்த நேரத்தில் யாருடன் பேச்சு?" என்று வீட்டில் கேட்பார்கள். ஐரோப்பாவில் இருப்பவராகப் பார்த்துச் சேர்த்தால் பிற்பகலிலேயே பேசி முடித்துவிடலாம். முடியாவிட்டால் எல்லாவற்றையும் எழுத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலான திட்டங்கள் மறுக்காது.

ஆகஸ்ட் 17

மூணாறிலிருந்து கேள்வி. எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது, மாடியில்லாத வீட்டில் சிக்னலுக்காகத் தேயிலைச் சரிவில் ஏறி நிற்க வேண்டும், இங்கே என்ன கட்டற்ற மென்பொருள் என்று ஒரு தம்பி மனம் நொந்து எழுதியிருக்கிறான்.

தம்பி, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியே இணையம் இல்லாத நேரத்திலும் வேலை நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் அதன் மையப் பகுதியான லினக்ஸ் கருவுக்காக எழுதினார். முழு வரலாறும் உன் கணினியிலேயே இருக்கும். மாற்றுவதும் பதிவதும் பழையதைத் திருப்பிப் பார்ப்பதும் இணையம் இல்லாமலே நடக்கும். முதல் முறை இறக்குவது மட்டும்தான் பெரிய செலவு. அதற்கும் வழி உண்டு. கிட் பண்டில் என்ற கட்டளை ஒரு திட்டம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். கீழே ஊரில் இருக்கும் நண்பன் அதைப் பென் டிரைவில் போட்டு ஜீப்பில் கொடுத்தனுப்பலாம். நீ வீட்டில் பிரித்துக்கொண்டு வேலை செய்யலாம். பிறகு நீ செய்த மாற்றங்களை மட்டும் இன்னொரு சிறு கட்டாகக் கட்டித் திருப்பி அனுப்பலாம். மின்னஞ்சலில் மாற்றங்களை வாங்கும் திட்டங்களும் இருக்கின்றன. லினக்ஸ் கருவே அப்படித்தான் நடக்கிறது. டெபியனில் வழு அறிக்கை அனுப்ப மின்னஞ்சல் போதும். கனமான வலைப்பக்கம் திறக்காத இடத்தில் நாலு வரி மின்னஞ்சல் போய்ச் சேர்ந்துவிடும்.

ஃபயர்ஃபாக்ஸ் மாதிரிப் பெரிய திட்டத்தில் முதலில் கை வைக்காதே. கட்டி எழுப்பவே வட்டில் பல பத்து ஜிபி கேட்கும்.

ஆகஸ்ட் 18

மேலே உள்ளதோடு இதையும் சேர்க்க வேண்டும். 2023இலிருந்து கிட்ஹப் நிரல் பங்களிப்பவர்களிடம் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும், கட்டாயமாகக் கேட்கிறது. எங்கள் பிள்ளைகள் சிலருக்குச் சொந்த போன் இல்லை. அப்பா போனில் குறியீடு வரும், அப்பா தோப்பில் இருப்பார். அதனால் கணக்கைத் தொடங்கிய அன்றே மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி நோட்டின் பின்னட்டைக்குள் ஒட்டிவைக்கச் சொல்கிறேன். போனை மாற்றிய அன்று கணக்கையும் பறிகொடுத்து, செய்த வேலையெல்லாம் போய்விட்டது என்று அழுத பையன் ஒருவன் இன்றுவரை திரும்பி வரவில்லை. எங்கே இருந்தாலும் வா என்று அவனுக்கு இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

செப்டம்பர் 14

ஓணம் முடிந்து எல்லோரும் திரும்பியாயிற்று. பள்ளிகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் குனு/லினக்ஸ்தான் ஓடுகிறது. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கியது இப்போது கைட் என்ற நிறுவனமாக இருக்கிறது. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் நடக்கின்றன. அசைவூட்டம், நிரலாக்கம், மின்னணுவியல், மலையாளக் கணிமை எல்லாம் கற்றுத்தருகிறார்கள். இதைவிட நல்ல அடித்தளம் நாட்டில் அதிகம் இல்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு இந்திய லினக்ஸ் வகையான பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் அறிந்த வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவரே குறைவு. எங்கள் பிள்ளைகளோ எட்டாம் வகுப்பிலேயே லினக்ஸில் புழங்குகிறார்கள்.

குறை ஒன்று சொல்லத்தான் வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு தமிழ் வழிப் பள்ளியில் பிள்ளைகள் மலையாளத் தட்டச்சை அழகாகச் செய்கிறார்கள், தமிழ்99 என்று ஒரு விசைப்பலகை இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதே கணினியில், அமைப்புகளில் சில சொடுக்குகளுக்கு அப்பால் அது கிடைக்கும். காட்டிக்கொடுத்ததும் ஒரு சிறுமி தன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, அடுத்துத் தங்கையின் பெயர், அடுத்து அம்மாவின் பெயர் என்று நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தாள். மலையாளம் கற்பதை நான் குறை சொல்லவில்லை. இரண்டும் தெரிவதால்தான் இந்தப் பிள்ளைகள் அருமையானவர்கள். இரண்டாவதை மறந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அக்டோபர் 5

அக்டோபர் வந்துவிட்டது, ஹாக்டோபர்ஃபெஸ்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பேராசிரியரே கேட்கிறார்.

அக்டோபரில் பங்களிப்பவர்களை ஊக்குவிக்க டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. நோக்கம் நல்லது. ஆனால் 2020இல் பரிசாகக் கிடைக்கும் ஒரு சட்டைக்காக, ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, ஒன்றை நீக்கிக் குப்பைக் கோரிக்கைகளைக் குவித்தார்கள். பராமரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். அந்த மாதத்திலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்றாக்கினார்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. புதிய கணக்கிலிருந்து சிறு மாற்றம் வந்தாலே ஐயத்தோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கு விலை கொடுப்பது நம் எருத்தேம்பதிப் பெண்தான்.

சேர்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பரிசைக் காட்டிச் சேர்க்காதீர்கள். தான் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில் தன்னை எரிச்சலூட்டிய ஒன்றை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த எரிச்சல்தான் பராமரிப்பாளரின் பதிலுக்கு மூன்று வாரம் காத்திருக்க வைக்கும்.

அக்டோபர் 6

2018 வெள்ளத்தின்போது பரிசு இல்லாமலே பலர் பங்களித்ததை ஒருவர் நினைவூட்டினார். உண்மை. மீட்புக்கும் உதவிக்கும் பயன்பட்ட கேரளா ரெஸ்க்யூ தளம் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதப்பட்டது, மூல நிரல் திறந்து கிடந்தது, முன்பின் பார்த்திராதவர்கள் இரவு பகலாகச் சேர்ந்து அதை வளர்த்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து சென்றவர்களும் உண்டு. யாரும் அவர்களுக்குச் சட்டை தரவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்ததும் எனக்குத் தெரிந்தவர்களில் பலர் கலைந்துவிட்டார்கள். அடுத்து இதைச் செய் என்று சொல்ல அப்போதும் ஆள் இல்லை.

நவம்பர் 9

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைகள் உரையாடு செயலியிடம் நிரலைக் கேட்டு வாங்கி அப்படியே அனுப்புகிறார்கள். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற கட்டற்ற திட்டத்தைத் தொடங்கிய டேனியல் ஸ்டென்பெர்க் இப்படி வந்து குவியும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றி வெளிப்படையாகவே குமுறியிருக்கிறார். நம் பிள்ளைகள் அந்தக் குவியலில் சேர்ந்துவிடக் கூடாது.

நான் தடை போடுவதில்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்ல முடிந்தால் அனுப்பலாம். திணறினால் அந்த வரியில் உட்கார்ந்து கற்கலாம். எருத்தேம்பதிப் பெண்ணைவிட அதிகம் தெரிந்த ஒரு பையன் முதல் வரியிலேயே திணறினான். ஒரு மணி நேரம் கழித்து அவனே பாதியை அழித்துவிட்டு, தானாக எழுதினான். அழித்ததைவிட எழுதியது சிறியது, சரியானது.

ஆங்கிலத்துக்கும் இதையே செய்கிறேன். மாற்றக் குறிப்பு எழுத அஞ்சுகிறார்கள். முதலில் தமிழில் எழுதச் சொல்கிறேன்: எது உடைந்திருந்தது, எதை மாற்றினேன், ஏன். மூன்று வாக்கியம் தெளிந்துவிட்டால் ஆங்கிலம் எளிய சொற்களில் வந்துவிடும். இலக்கணப் பிழைக்காக யாரும் என் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதில்லை.

நவம்பர் 10

ஜூலையில் "பக்கத்தில் இருந்தால் போதும்" என்று எழுதியதை இப்போது கொஞ்சம் இறுக்க விரும்புகிறேன். பக்கத்தில் இருப்பவர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. கை பரபரக்கும், தெரியும். தொட்டால் அது உங்கள் மாற்றம், அவனுடையது அல்ல. அவனுக்கு அது தெரிந்துவிடும்.

டிசம்பர் 21

பேராசிரியர் தொலைபேசியில் பேசினார். பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்துக்கும் விடுமுறை என்பதால் அதை ஒட்டி உட்காரலாம் என்கிறார். கூட்டம் வேண்டாம், ஆறு பேர் போதும், ஒவ்வொருவரும் தன் எரிச்சல் ஒன்றோடு வரட்டும் என்றேன். சம்மதித்தார்.

ஆறு பேருக்கு என் ஒருவன் நேரம் போதாது. ஆகையால் இதைப் படிக்கும் அனுபவசாலிகளிடம் கேட்கிறேன். ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் வரத் தேவையில்லை. தமிழில் கேட்டால் தமிழில் பதில் வர வேண்டும், மூன்று நாளுக்கு மேல் ஆகக் கூடாது, முதல் மாற்றம் ஏற்கப்படும்வரை விலகக் கூடாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தெரிந்த ஒருவர், பைத்தான் தெரிந்த இருவர், டெபியனுக்கு மென்பொருள் பொதி கட்டத் தெரிந்த ஒருவர் உடனே தேவை. மூணாற்றுத் தம்பிக்கு மின்னஞ்சலிலேயே வழிகாட்டக்கூடியவர் தனியாக ஒருவர் வேண்டும். முடிந்தவர்கள் இந்த மாதத்துக்குள் எழுதுங்கள், யாருக்கு யார் என்று ஜனவரி முதல் வாரத்திலேயே பிரித்துவிடலாம்.